கீற்றுக் குடிசையும் தொலைபேசிக் கம்பியும்: மாறுவேடமிட்ட ஒரு கடலோரக் கண்காணிப்புச் சாவடியின் கதையைச் சரிபார்த்த நிகழ்வு

பின்னணி

வேலூரிலிருந்து தெற்கே கணியம்பாடி பக்கம் போனால், பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெருவைப் பார்ப்பது அரிது. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் பதித்திருக்கும் கல்லில், முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றதாகவும் அவர்களில் 14 பேர் உயிர் துறந்ததாகவும் பொறித்திருக்கிறது. அடுத்த போருக்குப் போனவர்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் வீட்டுப் பரண்களில், இரும்புப் பெட்டிகளுக்குள், பாச்சை உருண்டை வாசனையோடு கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றைப் பள்ளி ஆண்டு விழாக் கண்காட்சிக்காகத் திரட்டும் வேலையை நாங்கள் நான்கு பேர் எடுத்துக்கொண்டோம். ஓர் அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியை, ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர், ஓய்வுபெற்ற அவில்தார் ஒருவர், நூலகப் பணியில் இருக்கும் நான் ஆகியோரே அந்த நால்வர்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு ஆடி மாதத்தில், கணியம்பாடிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் ஒரு குடும்பம் எங்களை அழைத்தது. காலமான பெரியவரின் மகளுக்கு அப்போது எண்பதைத் தாண்டிய வயது. அவருடைய பேரன் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். பெட்டியில் ஒரு நிழற்படமும், இரண்டு பதக்கங்களும், செல்லரித்த விடுவிப்புச் சான்று ஒன்றும், துருப்பிடித்த இடுக்கி ஒன்றும் இருந்தன. குடும்பம் சொன்ன கதை சுருக்கமானது. பெரியவர் போர்க் காலத்தில் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே எங்கோ ஒரு கடற்கரையில், மீனவர் குடிசையைப் போலக் கட்டப்பட்ட சாவடியில், மீனவர் உடையில் இருந்து எதிரிக் கப்பல்களைக் கண்காணித்தார். எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் வந்தபோது முதலில் கண்டு சொன்னவர் அவரே.

“எங்க நைனா வெள்ளைக்காரனுக்கே கண்ணா இருந்தாரு, சார்” என்று அந்த அம்மா சொன்னபோது பேரன் அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தார்.

முதல் பலகையும் அதன் பிழையும்

கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தன. குடும்பம் சொன்னதை ஏறக்குறைய அப்படியே வாங்கி, “எம்டனைக் கண்டறிந்த கடலோர ஒற்றர்” என்ற தலைப்பில் ஒரு பலகை எழுதினோம். நிழற்படத்தைப் பெரிதாக்கி அதன் நடுவில் ஒட்டினோம். இந்த முடிவுக்கு அவசரம் ஒரு காரணம். கதை அழகாக இருந்தது மற்றொரு காரணம். இரண்டாவது காரணத்தை அன்று எங்களுக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

விழாவன்று மாலை பலகையின் முன் நெடுநேரம் நின்ற அவில்தார், பெரியவர் எந்த ஆண்டு பிறந்தார் என்று கேட்டார். குடும்பத்தின் கணக்குப்படி 1920-ஐ ஒட்டி. எம்டன் சென்னையைத் தாக்கியது 1914 செப்டம்பர் 22 இரவு. கப்பித்தான் கார்ல் ஃபான் முல்லரின் அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டு, துறைமுகத்தை ஒட்டிய பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்தது. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் அதற்கொரு நினைவுக் கல் இன்றும் உண்டு. பிறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் வந்த கப்பலைப் பெரியவர் பார்த்திருக்க முடியாது. அதற்குள் பலகையின் படம் பல கைப்பேசிகளுக்குப் போய்விட்டிருந்தது.

மறுநாள் பலகையை இறக்கினோம். கதை முழுவதையும் தள்ளிவிடலாம் என்று நில அளவையர் சொன்னார். ஓர் ஆண்டு தவறானதால் எல்லாமே பொய்யாகிவிடாது என்றார் ஆசிரியை. ஆசிரியையின் பக்கமே நாங்கள் சாய்ந்தோம். கதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பதென்று முடிவானது.

எம்டன் எப்படி உள்ளே வந்தது

இரண்டாவது முறை போனபோது பேரன் வேலைக்குப் போயிருந்தார். அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே, யாரும் இடைமறிக்காமல் பேசினார். முதல் முறை கிடைக்காத ஒரு செய்தி அப்போது வந்தது. அவருடைய பாட்டி, அதாவது பெரியவரின் தாய், சிறு வயதில் சென்னையில் ஒரு வீட்டில் வேலை செய்தவர். குண்டு விழுந்த மறுநாள் மூட்டையோடு ரயிலேறி ஊருக்கு ஓடிவந்தவர். அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது எம்டனைப் பற்றித்தான்.

பெரியவரின் கதை 1942-க்கு உரியது. அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும், மார்ச்சில் ரங்கூனும் அந்தமானும் ஜப்பானியர் கைக்குப் போயின. ஏப்ரல் 5 அன்று கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-ஆம் நாள் திருகோணமலையும் தாக்கப்பட்டன. அதே வாரத்தில் வங்காள விரிகுடாவில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக உள்நாட்டுக்கு வெளியேறினார்கள். ஆக, காட்பாடியில் வந்து இறங்கும் மூட்டை முடிச்சுகளை வடார்க்காட்டு ஊர்கள் 28 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை பார்த்திருக்கின்றன. இரண்டையும் “பட்டணம் காலியான வருஷம்” என்றே அந்த அம்மா குறிப்பிட்டார். பாட்டியின் ஓட்டமும் தந்தையின் சாவடியும் ஒரே சொல்லுக்குள் சேர்ந்து, காலப்போக்கில் ஒரே நிகழ்ச்சியாகிவிட்டன. சூழ்ச்சிக்காரனை “சரியான எம்டன்” என்று சொல்லும் வழக்கு தமிழில் நிலைத்துவிட்டதும் இதற்கு உதவியிருக்கலாம். எதிரிக் கப்பல் என்றாலே நம் காதுக்கு எம்டன்தான்.

(இடையே ஒன்றைச் சொல்ல வேண்டும். எம்டனே மாறுவேடத்தில் தேர்ந்த கப்பல். மூன்று புகைபோக்கிகளோடு நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்திப் பிரிட்டிஷ் கப்பலைப் போலத் தோற்றம் காட்டி, 1914 அக்டோபரில் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தது. மாறுவேடக் கதையும் எம்டன் கதையும் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.)

பதக்கங்கள் சொன்னது

பதக்கங்கள் இரண்டிலும் ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. ஒன்று போர்ப் பதக்கம். மற்றொன்றின் பின்புறத்தில் இந்திய வரைபடமும் 1939-45 என்ற ஆண்டும் இருந்தன. வரைபடம் இருப்பதால், அது சுதந்திரத்துக்குப் பின் நம் அரசு கொடுத்தது என்று குடும்பம் நம்பியிருந்தது. தலைகீழாகத் தொங்கவிட்டு மன்னரின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். உண்மையில் அது, போர்க்களத்துக்கு வெளியே இந்தியாவில் மூன்றாண்டுகள் பணியாற்றிய படையினருக்கு வழங்கப்பட்ட இந்தியச் சேவைப் பதக்கம். பர்மா போர்முனையில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்த பர்மா நட்சத்திரம் என்ற பதக்கம் பெட்டியில் இல்லை. ஒரு பதக்கம் தொலைந்திருக்கலாம் என்பதால் அது இல்லாததை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. எனினும் இருக்கும் பதக்கம் அவர் நெடுங்காலம் இந்திய மண்ணிலேயே பணியாற்றியதை உறுதி செய்தது. கடற்கரைக் கதைக்கு முதல் ஊன்றுகோல் இதுவே.

கடற்கரைக்குப் போனது

மார்கழியில், அந்த அம்மா நினைவில் வைத்திருந்த இரண்டு ஊர்ப் பெயர்களை நம்பிச் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே இரண்டு நாட்கள் நடந்தோம். சவுக்குத் தோப்புகளையும் மணல் மேடுகளையும் தவிர எதுவும் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் நில அளவையர், “அஸ்திவாரம்கூட இல்லையே” என்றார்.

இந்த இடத்தில் எங்கள் தேடலே தவறாக இருந்தது. மாறுவேடமிட்ட சாவடி என்றதும் நாங்கள் மனத்தில் வைத்திருந்தவை படங்களில் பார்த்த அயல்நாட்டுச் சாவடிகள். 1940-இல் படையெடுப்பை எதிர்பார்த்த பிரிட்டன், தன் கரையோரக் காங்கிரீட் காவலறைகளுக்குக் குடியிருப்பு வீடு போலவும் வைக்கோற்போர் போலவும் தின்பண்டக் கடை போலவும் வேடமிட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியக் கரையில் கிளாமத் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே ஒரு ரேடார் நிலையத்தைப் பண்ணை வீடும் தானியக் கொட்டகையுமாகக் கட்டினார்கள். வீடு போலத் தெரிந்ததற்குள் மின்னாக்கி ஓடியது. கொட்டகை போலத் தெரிந்ததற்குள் ரேடாரை இயக்குவோர் இருந்தனர். சன்னல்களும் கூரையும் ஒப்பனை, சுவர் மட்டும் காங்கிரீட் கல். அவை இன்றும் நிற்பதற்கு அந்தச் சுவரே காரணம்.

கீற்றுக் குடிசை அப்படி நிற்காது. வேய்ந்த கீற்றை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், வடகிழக்குப் பருவமழை தானே அதைப் பிரித்துப் போட்டுவிடும். குடிசையாக வேடமிட்ட சாவடியொன்று உண்மையில் குடிசையாகவே கட்டப்பட்டிருந்தால், எண்பது ஆண்டுகளுக்குப் பின் அதன் தடம் மண்ணில் இருக்க வழியே இல்லை. நாங்கள் தேடியது இருந்திருந்தாலும் கிடைத்திராது; அதனால் கிடைக்காததற்கு எந்தப் பொருளும் இல்லை. இதை நடப்பதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

நிழற்படத்தை மறுபடியும் பார்த்தது

அந்தப் பயணத்தில் பயன்பட்டது ஒன்றே. ஒரு குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் நிழற்படத்தைக் காட்டினோம். உள்ளங்கை அளவுப் படம். மேட்டின் மேல் ஒரு குடிசை, அதன் பக்கவாட்டில் தொங்கும் வலை, வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிய ஓர் இளைஞன். முதியவர் படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இது கடலுக்குப் போகாத வலை, தம்பி” என்றார்.

ஏன் என்று கேட்டோம். வலையில் மிதவைக் கட்டையும் இல்லை, ஈயக் குண்டும் இல்லை; கடையில் வாங்கி வந்தது போல மடிப்புகூடக் கலையவில்லை. அடுத்து அவர் கூரையைக் காட்டினார். உப்புக் காற்றுக்கும் சாரலுக்கும் அஞ்சிக் கரையோரக் குடிசையின் தாழ்வாரத்தைக் குனிந்து நுழையும் அளவுக்குத் தாழ்த்தி இறக்குவார்கள். படத்தில் ஒரு பக்கத் தாழ்வாரம் மட்டும் கத்தரித்ததுபோல உயர்ந்திருந்தது, அதன் கீழே சுவருக்கும் கூரைக்கும் நடுவே கிடைக்கோடாக ஓர் இருண்ட பிளவு தெரிந்தது. மூன்றாவதாக, கூரை உச்சியிலிருந்து பின்னாலுள்ள சவுக்கு மரத்துக்குப் போகும் ஒரு கோடு. அது துணி உலர்த்தும் கொடியாக இருக்கலாம் என்றோம். “அவ்ளோ ஒசரத்துல கொடி கட்டினா துணியை யாரு போடறது?” என்று திருப்பிக் கேட்டார்.

நாங்கள் ஆறு மாதம் பார்த்த படம்தான். வேட்டியையும் வலையையும் பார்த்து மீனவர் குடிசை என்று நம்பினோம். அதாவது, அந்த வேடம் யாரை ஏமாற்றப் போடப்பட்டதோ அந்த எதிரி விமானியின் கண்ணோடு பார்த்தோம். தொழில் தெரிந்தவருக்கு ஒரே பார்வை போதுமாயிருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் நில அளவையர் கணக்குப் போட்டார். கண் மட்டத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். தண்ணீர் ஓரத்தில் நிற்பவரின் கண் 1.6 மீட்டர் என்றால் சுமார் 4.5 கிலோமீட்டர். படத்திலுள்ளது போன்ற மேட்டில், பிளவின் மட்டத்தில், ஆறு மீட்டர் என்று வைத்தால் சுமார் 8.7. இருபது மீட்டர் உயரப் பாய்மரத் தண்டோ புகைபோக்கியோ கொண்ட கப்பலின் உச்சி, அதற்கும் அப்பால் 16 கிலோமீட்டர் தள்ளியிருக்கும்போதே தொடுவானத்தில் எட்டிப் பார்க்கும். மொத்தம் 25 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் நேராகக் கரையை நோக்கி வரும் கப்பல் என்றால், தெளிந்த பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னறிவிப்பு கிடைக்கும். நம் கம்பங்கொல்லையில் குருவி விரட்டக் கட்டும் பரணும் இதே கணக்கில்தான் உயரம் பெறுகிறது என்று அவர் சொன்னார். அது கொஞ்சம் மிகை என்றாலும் பரண் என்ற சொல் எங்களுக்கு உதவியது. முன்னறிவிப்பைச் சொல்லியனுப்ப வழியில்லாத பரணால் பயனில்லை. அங்கேதான் கம்பி வந்தது: கூரை உச்சியிலிருந்து மரத்துக்குப் போன அந்தக் கோடு தொலைபேசிக் கம்பியாக இருக்கலாம்.

இடுக்கி

விடுவிப்புச் சான்றில் அவருடைய படை எண்ணின் கடைசி இலக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. அரைகுறை எண்ணோடு குடும்பம் உரிய இடத்துக்கு விண்ணப்பித்து, பத்து மாதம் கழித்து, அந்த விவரங்களைக் கொண்டு பதிவைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்ற பதிலைப் பெற்றது. ஆனால் சான்றின் நடுப்பகுதி தப்பியிருந்தது. சாய்வெளிச்சத்தில் வைத்துப் படித்தபோது, தொழில் என்ற இடத்துக்கு எதிரே லைன்மேன், அதாவது தொலைபேசிக் கம்பி இழுத்துப் பராமரிப்பவர், என்று எழுதியிருப்பதை ஆசிரியை கண்டுபிடித்தார். முதல் வாரத்திலேயே கையில் இருந்த தாள் அது. ஒற்றரைத் தேடிக்கொண்டிருந்ததால் தொழிலைப் படிக்கவில்லை.

அதன் பிறகு அந்த அம்மாவிடம் வேறு கேள்விகள் கேட்டோம். நைனாவின் விரல் நுனிகளில் கீறல் தழும்புகள் இருந்ததையும், பட்டாளத்திலிருந்து வந்த பிறகும் இடுக்கியை அரைஞாணில் செருகிக்கொண்டே திரிந்ததையும், ஊரில் அறுந்த கம்பி எதுவானாலும் அவரைக் கூப்பிடுவார்கள் என்பதையும் சொன்னார். இவற்றுள் இரண்டை அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். என் குறிப்பேட்டில் அவை இல்லை. பின்கட்டில் மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போய், கூரைக் கழியை இழுத்துக் கட்டியிருக்கும் பழைய கம்பி ஒன்றைக் காட்டினார். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று குறுக்கே கடந்து, பக்கத்துக்கு ஆறு சுற்றாக, நூல் சுற்றியது போல இடைவெளியின்றி இறுகியிருந்தன. வெட்டிய நுனிகளை உள்ளே மடக்கி அமுக்கியிருந்ததால் விரலால் தடவினாலும் குத்தவில்லை. வீட்டில் அதற்குப் பெயர் “நைனா முடிச்சு”.

நாங்கள் எடுத்த முடிவு

கதையின் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி எடை கொடுத்தோம். பெரியவர் போர்க்காலத்தில் படையில் லைன்மேனாக இருந்ததும், இந்தியாவில் நெடுங்காலம் பணியாற்றியதும் உறுதி. நிழற்படத்தில் இருப்பது பயன்பாட்டுக் குடிசை அல்ல, குடிசை போல அமைக்கப்பட்ட கண்காணிப்பு இடம் என்பது வலுவான ஊகம். எந்த இடம், எந்த மாதம் என்பவற்றைப் பலகையில் எழுதவில்லை. கப்பலைக் கண்டு சொன்னவர் அவர் என்பதை விட்டுவிட்டோம். கண்டவர் சொன்னதைக் கொண்டுபோகும் கம்பியைக் காத்தவர் என்று எழுதினோம்.

“ஒற்றர்” என்ற சொல்லை நீக்கியதே குடும்பத்தோடு மனத்தாங்கலுக்கு இடம் கொடுத்தது. பேரன் தம் நண்பர்களிடம் அந்தச் சொல்லைத்தான் சொல்லிவைத்திருந்தார். 1907-ஆம் ஆண்டின் ஹேக் விதிகள், எதிராளியின் நடவடிக்கைப் பகுதிக்குள் கள்ளத்தனமாகச் செய்தி திரட்டுபவரையே ஒற்றர் என்கின்றன. சொந்தக் கரையில் வேடமிட்டு இருப்பவர் அந்த வகையில் வரமாட்டார் என்று அவில்தார் பொறுமையாக விளக்கினார். வேடத்தின் ஆபத்து வெறும் சொல்லளவில் நிற்பதில்லை என்பதையும் சொன்னார். பசிபிக் தீவுகளில் ஆஸ்திரேலியக் கடற்படைக்காகக் காத்திருந்த கடலோரக் கண்காணிப்பாளர்களுள் குடிமக்களாக இருந்தவர்களுக்குப் பின்னர் படைப் பதவி கொடுத்ததே, பிடிபட்டால் ஒற்றர் என்று கொல்லப்படக்கூடாது என்பதற்காக. கில்பர்ட் தீவுகளில் பிடிபட்ட நியூசிலாந்துக் கண்காணிப்பாளர்கள் 1942 அக்டோபரில் தராவா தீவில் கொல்லப்பட்டார்கள். பேரன் முழுவதும் சமாதானம் அடைந்தார் என்று சொல்ல மாட்டேன். எங்கள் முதல் பலகை இல்லாதிருந்தால் அவருக்கு இந்த ஏமாற்றமே வந்திராது.

பின்னர் நடந்தது

அடுத்த ஆண்டு கண்காட்சியில் புதிய பலகை வைத்தோம். எம்டனுக்குத் தனியாக ஒரு பத்தி, பாட்டியின் பெயரில். 1942-க்குத் தனியாக ஒரு பத்தி. நிழற்படத்தின் மூன்று இடங்களில் அம்புக்குறி போட்டு வலையையும் தாழ்வாரத்தையும் கம்பியையும் காட்டியிருந்தோம். மாணவர்கள் அதிக நேரம் நின்றது அங்கேதான். பழைய பலகையின் படம் இன்னும் சிலரிடம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைத் திரும்பப் பெற எங்களிடம் வழி இல்லை.

மாற்றிச் செய்யக்கூடியவை

இன்னொரு குடும்பத்தின் பெட்டியைத் திறக்க நேர்ந்தால், விழா நாளுக்கும் பலகைக்கும் நடுவே குறைந்தது மூன்று மாத இடைவெளி வைப்போம். அதற்குள் முடியாவிட்டால் பொருள்களை மட்டும் வைத்துவிட்டுக் கதையை எழுதாமல் விடுவோம். தாளில் உள்ள எல்லாக் கட்டங்களையும், சிறியது பெரியது பார்க்காமல், முதல் நாளிலேயே படியெடுப்போம். வயதானவரிடம் இரண்டு தடவையாவது பேசுவோம், அதில் ஒரு முறை வீட்டிலுள்ள மற்றவர்கள் இல்லாத நேரத்தில். படத்தில் உள்ள தொழில் எதுவோ அந்தத் தொழில் செய்பவரிடம், களப் பயணத்துக்கு முன்பே படத்தைக் காட்டுவோம்.

கொட்டகைக் கம்பியின் முடிச்சைக் கண்காட்சிக்குத் தர முடியுமா என்று கடைசியாகக் கேட்டோம். அந்த அம்மா இடுக்கியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, முடிச்சைத் தர முடியாது என்றார். அதை அறுத்தால் கூரைக்கழி இறங்கிவிடும், கீழே கறவை மாடு கட்டியிருக்கிறது. இடுக்கியைப் பலகையின் கீழே வைத்து, முடிச்சின் நிழற்படத்தை அதன் பக்கத்தில் ஒட்டினோம்.